காதில் விழுவதும் காதில் வாங்குவதும்

என் அக்கா மகனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் முதலில் "என்ன?" என்பான். சரி, கேட்கவில்லை போல என்று நாம் திரும்பச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவனே பதிலையும் சொல்லிவிடுவான். அப்படியானால் கேட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு அந்த "என்ன?" என்று வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். வகுப்பில் ஆசிரியர் மூன்று வேலை சொன்னால் முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பானாம். காதில் ஏதாவது கோளாறோ என்று போய்ப் பார்த்தால், ஆடியோகிராமில் இரண்டு காதும் பழுதில்லை. "காது நல்லாத்தான் இருக்கு, பையன் கவனிக்கறதில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நம் பேச்சிலேயே இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒன்று காதில் விழுவது, இன்னொன்று காதில் வாங்குவது. ஆடியோகிராம் என்ற சோதனை முதலாவதை மட்டும்தான் அளக்கிறது. சத்தமே இல்லாத அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாக 'பீப்' ஒலி விட்டு, கேட்டதும் கையைத் தூக்கு என்பார்கள். எவ்வளவு மெல்லிய ஒலி வரை காதில் விழுகிறது என்பது அதில் தெரியும். ஆனால் நிஜ வாழ்க்கையில் யாரும் அமைதியான அறையில் 'பீப்' என்று பேசுவதில்லையே. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், மின்விசிறி ஓடும், நாற்காலி இழுபடும், இதற்கு நடுவே ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக எதையோ சொல்வார். அதைப் பிடிப்பது காதின் வேலை மட்டும் இல்லை.

உள்காதிலிருந்து ஏறத்தாழ 30,000 நரம்பிழைகள் ஒலிச்செய்தியை எடுத்துக்கொண்டு கிளம்புகின்றன. நேரே மூளையின் மேல்தளத்துக்குப் போய்விடுவதில்லை. மூளைத்தண்டில் வழிநெடுக நிறுத்தங்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் இரண்டு காதிலும் வந்ததை ஒப்பிட்டு, ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கணக்குப் போடப்படுகிறது. வழியில் தேவையான குரல் இரைச்சலிலிருந்து பிரிகிறது, எது முன்னால் வந்தது எது பின்னால் வந்தது என்ற வரிசை பதிவாகிறது. கடைசியில்தான் அது சொல்லாகி, பொருளாகிறது. இந்தக் கைமாற்றத்தில் எங்காவது சுணங்கினால் காது கேட்கும், ஆனால் சொன்னது மங்கலாகவோ தாமதமாகவோ போய்ச் சேரும். இதைத்தான் செவிவழிச் செயலாக்கக் குறைபாடு என்கிறார்கள். அந்த "என்ன?" பெரும்பாலும் நேரம் வாங்கும் தந்திரம். சொன்னது உள்ளே இன்னும் பிரிந்துகொண்டிருக்கும்போதே வாய் தானாகச் சொல்லிவிடும் சொல் அது.

இது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று பார்க்க 'படம்', 'பட்டம்' இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'படம்' சொல்லும்போது நாக்கு மேலே லேசாகத் தட்டிவிட்டு வந்துவிடுகிறது, குரல் அறுபடுவதே இல்லை. 'பட்டம்' சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அந்தக் கண்ணிமைக்கும் நேரம் சத்தமே கிடையாது. அந்த நிசப்தம்தான் இரண்டு சொல்லையும் பிரிக்கிறது. 'பல்', 'பால்' இரண்டுக்கும் வித்தியாசம் உயிரொலியின் நீளம் மட்டுமே. 'பா', 'தா', 'கா' என்று சொல்லும்போது ஒலி மாறுகிற இடம் தொடக்கத்தில் 40 மில்லி விநாடி போலத்தான், அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஒரே 'ஆ'. சாதாரணப் பேச்சில் விநாடிக்கு நாலைந்து அசை ஓடிவிடும். ஒன்றில் தடுமாறி அது 'மனமா', 'மணமா' என்று யோசித்துக்கொண்டிருந்தால் அதற்குள் மூன்று நான்கு அசை கடந்து போயிருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு பாடவேளை முடிவதற்குள் களைப்பு வந்துவிடும், களைத்த பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்க்கும். நாம் அதற்குக் 'கவனமில்லை' என்று பெயர் வைத்துவிடுவோம்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற எல்லாப் பிள்ளைக்கும் இந்தக் குறைபாடு இல்லை. ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு, உள்ள பிள்ளையும் பாதி சொல்லும்போதே நழுவிவிடும். சொல்வளம் குறைவாக இருக்கும் பிள்ளைக்கு வாக்கியம் தெளிவாகக் கேட்டாலும் புரியாது. நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் வாரக்கணக்கில் கேட்கும் திறன் இறங்கி ஏறும், சோதனைக்குப் போகிற அன்று சரியாக இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும். செவிவழிச் செயலாக்கக் குறைபாடு என்பது தனி நோயா, அல்லது கவனம், மொழி, நினைவு ஆகியவற்றில் இருக்கும் சிக்கலுக்கு இன்னொரு முகமா என்று நிபுணர்களே இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு சோதனையை வைத்து ஒரே உட்காரலில் 'இதுதான்' என்று முத்திரை குத்துகிறவரிடம் கொஞ்சம் தள்ளியே இருக்கலாம் என்பது என் எண்ணம். பொதுவாக 7 வயதுக்கு முன் இதை உறுதிசெய்வதும் இல்லை. அந்த வயதுப் பிள்ளைகள் சோதனையில் இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி செய்வார்கள், மூளைப் பாதைகளும் வளர்ந்துகொண்டிருக்கும்.

சோதனைகள் சுவாரசியமானவை. ஹெட்போனில் இடது காதுக்கு "மூன்று, எட்டு" என்றும் அதே நொடியில் வலது காதுக்கு "ஐந்து, ஒன்று" என்றும் வரும், நான்கையும் திரும்பச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வலது காதில் வந்தது கூடுதலாக நிற்கும். டோரீன் கிமுரா என்ற உளவியலாளர் 1961-லேயே இதைக் காட்டினார். காரணம், பேச்சைக் கையாள்வது பெரும்பாலும் மூளையின் இடது பாதி, வலது காதுக்கு அங்கே நேரடிப் பாதை பலமாக இருக்கிறது. இடது காதில் விழுந்த சொல்லோ முதலில் வலது பாதிக்குப் போய், இரண்டு பாதிகளையும் இணைக்கிற நரம்புப் பாலத்தைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பாலம் இன்னும் முற்றாத பருவம் என்பதால் இடது காது கொஞ்சம் பின்தங்குவது இயல்பு. வயதுக்கு மீறிப் பின்தங்கினால்தான் யோசிக்க வேண்டும். இன்னொன்றில் மூன்று ஒலி வரும், சுருதியில் உயரம்–தாழ்வு–உயரம் என்ற மாதிரி. சில பிள்ளைகள் அதை அச்சுப்பிசகாமல் முனகிக் காட்டுவார்கள், ஆனால் "எது உயரம், எது தாழ்வு, வரிசையாகச் சொல்" என்றால் திணறுவார்கள். ஒலி உள்ளே போயிருக்கிறது, அதற்குச் சொல் ஒட்டவில்லை. சிக்கல் எந்த இடத்தில் என்று தேட இப்படி ஒரு துப்பு போதும்.

இனி இந்தச் சிக்கலுக்குக் கொடுக்கும் கேட்கும் பயிற்சிக்கு வருவோம். இது புதிதாக வந்த விஷயம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் கேட்கும் திறன் குறைந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, காதுக்கருவி கொடுத்தால் மட்டும் போதாது, கேட்கவும் பழக்க வேண்டும் என்று செவித்திறன் நிபுணர் ரேமண்ட் கார்ஹார்ட் போன்றவர்கள் பாடம் நடத்தினார்கள். 1982-ல் நார்மன் எர்பர் இதை நான்கு படிகளாகப் பிரித்தார்: ஒலி இருக்கிறதா இல்லையா என்று உணர்வது, இரண்டு ஒலியும் ஒன்றா வேறா என்று பிரிப்பது, எது என்று அடையாளம் காண்பது, கடைசியில் புரிந்துகொள்வது. இன்றும் பல பயிற்சிகளின் எலும்புக்கூடு இதுதான். காது நன்றாக இருந்தும் வாங்குவதில் சிக்கல் இருக்கிற பிள்ளைகளுக்கு முதல் படியில் வேலை இல்லை, இரண்டிலிருந்து நான்கு வரைதான் பாடு.

ஒரு பயிற்சி எப்படி நடக்கும் என்று பார்ப்போம். மேலே சொன்ன எண் சோதனையில் இடது காது ரொம்பப் பின்தங்கிய ஒரு சிறுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு இரண்டு காதிலும் வேறு வேறு சொற்கள் வரும், ஆனால் வலது காதின் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிடுவார்கள். இப்போது பலமான காது கிசுகிசுப்பாகத்தான் பேசுகிறது, பலவீனமான காதுக்கு வழி கிடைக்கிறது, அவளும் இடது காதில் வந்ததைச் சரியாகச் சொல்லிவிடுகிறாள். பத்தில் ஏழெட்டு சரியாக வர ஆரம்பித்ததும் வலது காதின் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். தடுமாறினால் ஒரு படி இறக்குவார்கள். இப்படி ஏற்றி இறக்கி, வாரக்கணக்கில், இரண்டு காதும் ஒரே சத்தத்தில் ஒலித்தாலும் இடது காதின் சொல் தொலையாத நிலைக்குக் கொண்டுவர முயல்வார்கள். இரைச்சலில் கேட்கும் பயிற்சியும் இதே மாதிரிதான். முதலில் பேச்சு பலமாக, பின்னணிச் சத்தம் மெல்லியதாக இருக்கும், போகப்போக இரண்டையும் நெருக்கிக் கொண்டுவருவார்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகத்தில் ஷேரன் கேமரன், ஹார்வி டில்லன் இருவரும் உருவாக்கிய ஒரு கணினி விளையாட்டில் சொல்ல வேண்டிய வாக்கியம் முன்னாலிருந்து வருவது போலவும், குறுக்கே பேசும் குரல்கள் இரு பக்கமிருந்தும் வருவது போலவும் ஹெட்போனில் அமைத்திருப்பார்கள். திசையை வைத்துக் குரலைப் பிரிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கென்றே செய்தது அது.

இதில் கவனிக்க வேண்டியது, சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற நேரம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு ஒலிக்கும் பிள்ளை ஏதாவது செய்தாக வேண்டும், சொல்ல வேண்டும், தொட வேண்டும், தேர்ந்தெடுக்க வேண்டும், சரியா தவறா என்று உடனே தெரிய வேண்டும். இது ஏன் முக்கியம் என்பதற்கு 1993-ல் மூளை ஆய்வாளர் மைக்கேல் மெர்செனிச்சின் குழு ஆந்தைக் குரங்குகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வைச் சொல்லலாம். சில குரங்குகளுக்கு நெருங்கிய இரண்டு சுருதிகளைப் பிரித்தறியப் பழக்கினார்கள். பல வாரத்துக்குப் பின் பார்த்தால், அந்தச் சுருதிகளுக்கென மூளையின் செவிப்புலப் பகுதியில் இருந்த இடம் பெரிதாகியிருந்தது. வேறு சில குரங்குகளுக்கும் அதே ஒலிகளைத்தான் கேட்க வைத்தார்கள், ஆனால் அவற்றின் வேலை தோலில் படும் தொடுகையைக் கவனிப்பது. அவற்றின் மூளையில் அந்த மாற்றம் வரவில்லை. ஒலி ஒன்றுதான், காதில் விழுந்ததும் ஒன்றுதான், வாங்கியவைதான் மாறின.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் சந்தையில் விற்கிற பாதிச் சமாச்சாரத்தை நீங்களே எடைபோட்டுவிடலாம். ஹெட்போனை மாட்டி, வடிகட்டிய இசையைக் கேட்க வைத்தால் கவனம் கூடும், பேச்சு வரும், ஆட்டிசம் குறையும் என்று சொல்லும் சிகிச்சைகள் பல காலமாக இருக்கின்றன. பிரான்சைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் ஆல்ஃபிரட் டோமாட்டிஸ் தொடங்கிவைத்தது ஒரு கிளை. கை பெரார் என்பவருடையது இன்னொரு கிளை. அது பத்து நாளில், அரை மணி நேரம் வீதம் 20 அமர்வு. இதற்குச் செவிவழி ஒருங்கிணைப்புப் பயிற்சி என்று பெயர். பெயரில் 'பயிற்சி' இருந்தாலும் பிள்ளை அங்கே செய்வது உட்கார்ந்து கேட்பது மட்டும்தான். ஆட்டிசத்துக்கு இந்த மாதிரி ஒலிச் சிகிச்சைகள் உதவுகின்றனவா என்று 2011-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு அலசியபோது, பயன் உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. இசை கேட்பது நல்லதுதான், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்குச் சிகிச்சை என்ற பெயரில் பணம் வாங்குவதுதான் உறுத்துகிறது.

சரி, பிள்ளையை வேலை வாங்குகிற பயிற்சிகள் எல்லாம் பலிக்கின்றனவா என்றால், அங்கேயும் கதை அவ்வளவு நேர்கோடு இல்லை. 1996-ல் பவுலா டாலல் என்ற ஆய்வாளரும் அதே மெர்செனிச்சும் சேர்ந்து, மொழி வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பேச்சொலியை ஒன்றரை மடங்கு நீட்டி, வேகமாக மாறும் அந்தக் கண நேர ஒலிகளைத் தூக்கிக் காட்டிக் கணினி விளையாட்டாகக் கொடுத்தார்கள். நல்ல முன்னேற்றம் என்று கட்டுரை வந்தது, ஃபாஸ்ட் ஃபார்வேர்ட் என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது. பிறகு 2008-ல் 6 முதல் 9 வயதுக்குட்பட்ட 216 பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்து ஒரு சோதனை நடந்தது: ஒரு குழுவுக்கு இந்த மென்பொருள், ஒரு குழுவுக்கு வேறு மொழிப் பயிற்சி மென்பொருள், ஒரு குழுவுக்குப் பேச்சுப் பயிற்சியாளருடன் நேரடியாக, நான்காவது குழுவுக்கு மொழியை நேரடியாகக் குறிவைக்காத பொதுவான பாட விளையாட்டுகள். ஆறு வாரம், வாரம் 5 நாள், நாளுக்கு 1 மணி 40 நிமிடம். கடைசியில் நான்கு குழுவுமே முன்னேறியிருந்தது, ஏறக்குறைய ஒரே அளவுக்கு. அதாவது நீட்டிய ஒலிக்கென்று தனி மகிமை எதுவும் தெரியவில்லை. தினமும் ஒரு பிள்ளை கவனத்தோடு உட்கார்ந்து, பதில் சொல்லி, பாராட்டு வாங்கியதிலேயே பலன் இருந்திருக்கலாம் என்று நான் வாசித்துக்கொள்கிறேன். 2011-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வும் அந்த மென்பொருள் வாசிப்பையோ பேச்சுமொழியையோ உயர்த்துவதாக ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

ஆக நிலைமை இதுதான்: எதைப் பழகுகிறோமோ அது தேறுகிறது. இரண்டு காதுப் பயிற்சி செய்தால் இரண்டு காதுச் சோதனையில் மதிப்பெண் ஏறும், இரைச்சலில் பழகினால் இரைச்சலில் கேட்பது மேம்படும். அதிலிருந்து தானாகவே வாசிப்புக்கும் கணக்குக்கும் தாவும் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. வாசிப்பு வர வேண்டுமானால் வாசிப்பைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், சொல்வளம் வேண்டுமானால் ஸ்பீச் தெரபியில் சொல்லையும் வாக்கியத்தையும் வைத்து வேலை செய்ய வேண்டும். ஏடிஎச்டி இருந்தால் அதற்குரிய சிகிச்சை தனி, காதுப் பயிற்சி அதற்கு மாற்றாகாது. பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2005-ல் வெளியிட்ட அறிக்கையிலும் பயிற்சி தனியாக நிற்கவில்லை. சூழலைச் சரிசெய்வது, சமாளிக்கும் உத்திகளைச் சொல்லித்தருவது, நேரடிப் பயிற்சி என்று மூன்றும் சேர்ந்து போக வேண்டும் என்கிறது. இதில் முதலாவது ரொம்பச் சுலபம், உடனே பலனும் தெரியும். திறந்த வெளியில் பேசுகிறவருக்கும் பிள்ளைக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறைகிறது. மூடிய அறையில் கணக்கு கொஞ்சம் மாறும், தூரம் கூடினால் குரல் எதிரொலியில் கரைந்துபோவது மட்டும் மாறாது. நாலு பெஞ்சு முன்னால் உட்கார வைப்பது பல மாதப் பயிற்சியைவிட அன்றைக்குப் பெரிய உதவியாக இருக்கலாம். ஆசிரியர் சட்டையில் சின்ன மைக் குத்திக்கொண்டு பிள்ளையின் காதருகே குரலை நேராகக் கொண்டுபோகும் கருவிகளும் உண்டு. வீட்டிலோ, அடுத்த அறையிலிருந்து கத்தாமல் கிட்டே போய், முகம் பார்த்து, முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் திரும்பிய பிறகு பேச வேண்டும். எழுதிப் படிக்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், செய்து பார்த்தால் எத்தனை நாள் முதுகைப் பார்த்தே பேசியிருக்கிறோம் என்று தெரியும்.

வீட்டில் விளையாட்டாகச் செய்ய நம் மொழியிலேயே சரக்கு நிறைய இருக்கிறது. வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு (உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாதில்லையா) 'கல்', 'கால்' என்று சொல்லி எந்தப் படம் என்று காட்டச் சொல்லுங்கள். அது சுலபமானதும் 'பசை', 'பச்சை'. அப்புறம் 'வலி', 'வழி'. இதில் பெரியவர்களே பலர் தோற்பார்கள், ழகரத்தைச் சொல்லத் தெரியாத வீட்டில் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று குறைசொல்ல முடியாது. இன்னொன்று, நடுவில் ஒரு தடுப்பு வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படத்தாள். "பெரிய வட்டத்துக்குள் சிவப்புப் புள்ளி வை, அதற்குக் கீழே கோடு போடு" என்று சொல்லச் சொல்ல அவன் வரைய வேண்டும், கடைசியில் தடுப்பை எடுத்து ஒப்பிட வேண்டும். நன்றாகப் போனால் பின்னணியில் லேசாக வானொலியைப் போடலாம். பத்துப் பதினைந்து நிமிடம் போதும், முகம் சுருங்கினால் நிறுத்திவிட வேண்டும், தோற்றுக்கொண்டே இருக்கிற விளையாட்டை யாரும் விரும்பி ஆடமாட்டார்கள்.

வெளியே பயிற்சிக்குச் சேர்ப்பதாக இருந்தால், எந்தக் குறையைக் குறிவைக்கிறீர்கள், எந்தச் சோதனையில் அது தெரிந்தது, முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள், எத்தனை வாரத்தில் பலன் இல்லை என்றால் நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். நல்ல ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) இதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பெட்டி, ஒரே பாட்டு, ஒரே கட்டணம் என்று இருக்கும் இடத்தில் கடைசிக் கேள்விக்குப் பதிலே வராது.

அக்கா மகனுக்கு இரைச்சலில் கேட்கும் பயிற்சி கொஞ்ச காலம் நடந்தது, முன்வரிசையில் இடமும் கிடைத்தது. எது உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அங்கே சொல்லிக்கொடுத்த ஒரு சின்ன உத்தி அவனிடம் ஒட்டிக்கொண்டது: 'என்ன?' என்று மொத்தமாகக் கேட்காமல், கேட்டதைச் சொல்லிவிட்டு விட்டுப்போனதை மட்டும் கேள் என்பது. போன வாரம் மாடியிலிருந்து துணியை எடுத்து, மடித்து, அலமாரியில் இரண்டாம் தட்டில் வை என்று சொன்னேன். படியில் பாதி ஏறியவன் நின்று திரும்பினான். "எடுத்து மடிக்கணும், சரி. எந்தத் தட்டு?"